சிற்றலையும் அதன் வானமும்

1936-இல் இந்திய வானொலியின் தலைமைப் பொறியாளராகத் தில்லிக்கு வந்த சி. டபிள்யூ. கோய்டருக்கு அப்போது முப்பதை ஒட்டிய வயது. அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, பள்ளி மாணவராக இருந்தபோது, அவர் பெயர் வானொலி வரலாற்றில் ஏறிவிட்டது. 1924 அக்டோபர் 18 அன்று லண்டனின் மில் ஹில் பள்ளியிலிருந்த சிறிய கருவியைக் கொண்டு, நியூசிலாந்தின் தென் தீவில் ஒரு செம்மறியாட்டுப் பண்ணையில் வசித்த பிராங்க் பெல் என்பவருடன் மோர்ஸ் குறிகளில் உரையாடினார். பிரிட்டனுக்கும் நியூசிலாந்துக்கும் இடையே கம்பியில்லாமல் நடந்த முதல் இருவழித் தொடர்பு அது. இடைப்பட்ட தூரம் சுமார் 19,000 கிலோமீட்டர். பூமியில் இரு புள்ளிகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகியிருக்கக்கூடிய அதிகபட்சத் தூரமே ஏறத்தாழ 20,000 கிலோமீட்டர்தான்.

அந்த மாணவர் பின்னாளில் சென்னைக்கும் தில்லிக்கும் எந்த அலைநீளத்தில் ஒலிபரப்ப வேண்டும் என்று முடிவு செய்யும் இடத்தில் வந்து அமர்ந்தது நம் வானொலி வரலாற்றில் போதிய கவனம் பெறாத செய்தி. வானொலியின் கதையை நாம் பெரும்பாலும் குரல்களின் கதையாகவோ, அமைச்சர்கள், சட்டங்கள், தடைகள் ஆகியவற்றின் கதையாகவோ சொல்லிப் பழகிவிட்டோம். அவை முக்கியமானவைதாம். ஆனால் ஒரு குரல் எந்த ஊர்வரை கேட்கும், எந்த ஊரில் பாதியில் அறுந்துபோகும், யாருடைய பெட்டியில் கேட்கவே கேட்காது என்பதை முதலில் தீர்மானித்தது அலைநீளம். அலைநீளத்துக்கும் மேலே நின்று தீர்மானித்தது வானம். தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் மேலே உள்ள வானம் மற்ற இடங்களில் உள்ளது போன்றதும் அல்ல.

வானொலி அலைகள் முதலில் மிகச் சிறியவையாகவே பிறந்தன. 1895-இல் கல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ் பொதுமக்கள் முன்னிலையில் காட்டிய சோதனைகளில் அவர் பயன்படுத்திய அலைகளின் நீளம் மில்லிமீட்டர் கணக்கில் இருந்தது. அதன் பிறகு தொழில் நேர் எதிர்த்திசையில் ஓடியது. 1901 டிசம்பர் 12 அன்று மார்க்கோனி அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் ஒரு மோர்ஸ் எழுத்தைக் கேட்டதாக அறிவித்த பின், தூரம் போக வேண்டுமானால் அலை நீளமாக இருக்க வேண்டும் என்பது பொறியாளர்களிடையே கேள்விக்கு அப்பாற்பட்ட நம்பிக்கையாயிற்று. நூறு மீட்டர், ஆயிரம் மீட்டர், பத்தாயிரம் மீட்டர் என்று அலைகள் நீண்டுகொண்டே போயின. அலை நீள நீள அலைவாங்கியும் பெரிதாக வேண்டும். 1926-இல் இங்கிலாந்தின் ரக்பியில் திறக்கப்பட்ட நெட்டலை நிலையத்துக்கு 250 மீட்டர் உயரத்தில் பன்னிரண்டு கோபுரங்கள் தேவைப்பட்டன. அப்படி ஒன்றைக் கட்ட ஒரு பேரரசின் கருவூலத்தால்தான் முடியும்.

மிஞ்சிய சிற்றலைகள் யாருக்கும் வேண்டாதவையாகக் கிடந்தன. 1912-இல் அமெரிக்கா இயற்றிய வானொலிச் சட்டம், பொழுதுபோக்காகக் கருவி கட்டி விளையாடும் இளைஞர்களை 200 மீட்டருக்கும் அதற்குக் குறைவான அலைகளுக்கும் ஒதுக்கிவைத்தது. கடற்படைக்கும் வணிக நிறுவனங்களுக்கும் தொல்லை தராமல் அவர்கள் ஒரு மூலையில் கிடக்கட்டும் என்பதே நோக்கம். அந்த மூலையில்தான் புதையல் இருந்தது. 1921 டிசம்பரில் பால் காட்லி என்ற அமெரிக்கர் ஸ்காட்லாந்தின் ஆர்ட்ராசன் கடற்கரையில் கூடாரம் அடித்து, குளிரிலும் மழையிலும் காத்திருந்து, தம் நாட்டு அமெச்சூர் நிலையங்கள் பலவற்றின் குறிகளைக் கேட்டார். 1923 நவம்பரில் பிரான்சின் லியோன் டெலாயும் அமெரிக்காவின் பிரெட் ஷ்னெல்லும் ஏறத்தாழ 100 மீட்டர் அலையில் அட்லாண்டிக்கின் இரு கரைகளிலிருந்து இருவழியாகப் பேசிக்கொண்டார்கள். அடுத்த ஆண்டு கோய்டர். மேசைமேல் வைக்கக்கூடிய கருவிகள், வீட்டுச் செலவில் வாங்கிய வால்வுகள், தோட்டத்து மரத்தில் கட்டிய கம்பி. பெரிய நிறுவனங்கள் கோபுரங்களால் சாதிக்க முயன்றதை இவை சாதித்தன.

இதற்கான காரணம் தரையில் இல்லை. சூரியனின் புற ஊதாக் கதிர்கள் வளிமண்டலத்தின் மேற்பகுதியில் உள்ள அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிரித்து, மின்னூட்டம் கொண்ட அடுக்குகளை உருவாக்குகின்றன. அப்படி ஓர் அடுக்கு இருக்க வேண்டும் என்று 1902-இலேயே கென்னலியும் ஹெவிசைடும் தனித்தனியே ஊகித்திருந்தனர். 1924 டிசம்பரில் எட்வர்ட் ஆப்பிள்டன், போர்ன்மத் ஒலிபரப்பு நிலையத்தின் அலைநீளத்தைச் சிறிது சிறிதாக மாற்றச் செய்து, ஆக்ஸ்ஃபோர்டில் அதை வாங்கி, தரைவழி வந்த அலையும் வானத்தில் பட்டு வந்த அலையும் ஒன்றோடொன்று மோதுவதை அளந்து, அந்த அடுக்கின் உயரத்தைக் கணக்கிட்டார். இன்று அயனிமண்டலம் என்று பாடநூல்களில் படிக்கிறோம். தாழ்வான டி அடுக்கு மத்திய அலைகளைப் பகலில் உறிஞ்சிவிடும். இரவில் அந்த அடுக்கு மறைந்துவிடுவதால்தான் பகலில் கேட்காத தூரத்து நிலையங்கள் இரவில் வந்து உள்ளூர் நிலையத்தின்மேல் விழுகின்றன. சிற்றலை டி அடுக்கைப் பெரிய இழப்பின்றிக் கடந்து, 200 கிலோமீட்டருக்கும் மேலே உள்ள எஃப் அடுக்கில் வளைந்து, ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் தரையில் இறங்கும். அங்கிருந்து மீண்டும் எழும்பும்.

மார்க்கோனி நிறுவனம் விரைவில் விழித்துக்கொண்டது. பிரிட்டிஷ் அரசு நெட்டலைக் கோபுரங்களால் பேரரசை இணைக்கத் திட்டமிட்டிருந்த வேளையில், 1924-இல் அந்த நிறுவனம் சிற்றலையை ஒரே திசையில் குவித்து அனுப்பும் முறைக்கு ஒப்பந்தம் பெற்றது. புனேக்கு அருகே கிர்க்கியில் அனுப்பும் நிலையம், தௌண்டில் வாங்கும் நிலையம் என 1927-இல் இந்தியா லண்டனுடன் இணைந்தது. கடலடிக் கேபிள் நிறுவனங்கள் இந்தப் போட்டியைத் தாங்க முடியாமல் 1929-இல் இணைப்புக்கு உடன்பட வேண்டியதாயிற்று.

இந்தப் பின்னணியில் வைத்துப் பார்த்தால்தான் இந்தியாவின் முதல் ஒலிபரப்பு முயற்சிகள் ஏன் தோற்றன என்பது விளங்கும். சென்னையில் சி. வி. கிருஷ்ணசாமி செட்டி முன்னின்று தொடங்கிய சென்னை மாகாண வானொலி மன்றம் 1924 ஜூலை 31 முதல் ஒலிபரப்பியது. 40 வாட் கருவி. பிறகு 200 வாட். பணமில்லாமல் 1927-இல் நின்றது. அதே ஆண்டு பம்பாயிலும் கல்கத்தாவிலும் நிலையங்களைத் தொடங்கிய இந்தியன் பிராட்காஸ்டிங் கம்பெனியும் 1930-இல் கலைக்கப்பட்டது. அப்போது வானொலி உரிமம் வைத்திருந்தவர்கள் எட்டாயிரத்தை எட்டவில்லை. மக்கள் தொகையோ 35 கோடி. நிர்வாகக் கோளாறு, மூலதனக் குறைவு, விலையுயர்ந்த இறக்குமதிப் பெட்டிகள் என்று வழக்கமாகக் காரணங்கள் சொல்லப்படுகின்றன. எல்லாம் உண்மை. ஆனால் அந்த நிலையங்கள் ஒவ்வொன்றின் ஆற்றலும் ஒன்றரை கிலோவாட். தெளிவாகக் கேட்கும் தூரம் ஏறத்தாழ 30 மைல். மத்திய அலையில், அதுவும் இடி மின்னலின் கரகரப்பு ஆண்டில் பல மாதங்கள் காதை அடைக்கும் வெப்பமண்டலத்தில், இதைக் கொண்டு ஒரு துணைக்கண்டத்தை எட்ட முடியாது. முப்பது மைலுக்குள் வசிக்கும் வசதி படைத்தவர்களை மட்டுமே வாடிக்கையாளர்களாகக் கொண்ட நிறுவனம் பிழைத்திருந்தால்தான் வியப்பு.

சென்னையில் நடந்த அடுத்த காரியம் எனக்கு மிகவும் பிடித்தமானது. மன்றத்தின் கருவி மாநகராட்சியின் கைக்கு வந்தது. 1930 ஏப்ரல் 1 முதல் மாநகராட்சியே ஒலிபரப்பை நடத்தியது. மெரினா கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கிகளைப் பொருத்தி, மாலையில் இசையைப் பொதுமக்கள் கேட்கும்படி செய்தது. குறைந்த ஆற்றலுள்ள மத்திய அலை எட்டும் தூரம் ஒரு நகரம்தான் என்றால், அந்த நகரத்தின் எல்லாக் காதுகளுக்கும் அதைக் கொண்டுபோவோம் என்ற முடிவு அது. பெட்டி வாங்க முடியாதவர்களும் கேட்டார்கள். அலையின் எல்லையைப் புரிந்துகொண்டு அதற்குள் நேர்மையாகச் செய்யப்பட்ட காரியம் அது. வானொலியைப் பொதுச் சொத்தாக நடத்திய முன்னோடிகளில் சென்னை மாநகராட்சிக்கு உரிய இடத்தை நாம் இன்னும் தரவில்லை.

1935-இல் லயனல் ஃபீல்டன் லண்டனிலிருந்து ஒலிபரப்புத் தலைவராக வந்தார். நிலையங்கள் எங்கே, எத்தனை என்று ஆராய பிபிசியின் எச். எல். கிர்க் வரவழைக்கப்பட்டார். அவர் தந்த திட்டம் மத்திய அலை நிலையங்களைச் சார்ந்தது. பிரிட்டனில் அதுதான் வெற்றி பெற்ற முறை. சிறிய தீவு, அடர்ந்த மக்கள் தொகை, இடியோசை குறைவான வானம். கோய்டர் வந்ததும் அந்தத் திட்டம் மாறியது. ஒதுக்கப்பட்ட பணத்தில் மத்திய அலையைக் கொண்டு நாட்டின் மிகச் சிறிய பகுதியைத்தான் நிரப்ப முடியும். நான்கு பெருநகரங்களில் சிற்றலைக் கருவிகளை வைத்தால், தரம் சற்றுக் குறைந்தாலும், எல்லா மாகாணங்களுக்கும் ஏதோ ஒரு நிலையம் கேட்கும் என்பது அவர் கணக்கு. பள்ளிக்கூடத்தில் சிற்றலையின் வீச்சைத் தம் காதால் கேட்டவரின் கணக்கு அது.

1938 ஜூன் 16 அன்று திறக்கப்பட்ட சென்னை நிலையத்தின் கருவிகளைப் பார்த்தாலே இந்தச் சிந்தனை புலப்படும். மத்திய அலைக்குக் கால் கிலோவாட், சிற்றலைக்குப் பத்து கிலோவாட். முன்னது நகரத்துக்கு, பின்னது மாகாணம் முழுமைக்கும். அடுத்த ஆண்டு மே 16 அன்று தொடங்கிய திருச்சி நிலையத்துக்கு ஐந்து கிலோவாட் மத்திய அலை. காவிரிப் படுகையின் ஈரமும் வளமும் கொண்ட சமவெளியில் தரைவழி அலை நன்றாகப் பரவும், ஊர்களும் நெருக்கமானவை. சென்னைக்கு ஒரு விதி, திருச்சிக்கு வேறொரு விதி என்று தோன்றுவது உண்மையில் நிலத்தையும் வானத்தையும் படித்து எடுத்த இரண்டு முடிவுகள்.

ஆனாலும் சிற்றலை முடிவை முழுமையாகப் புகழ எனக்கு மனம் வரவில்லை. வரைபடத்தில் இந்தியா முழுவதும் அலை நிரம்பியிருந்தது. கேட்க வேண்டுமே. சிற்றலை வாங்கும் பெட்டிக்குக் கூடுதல் வால்வுகளும் நுணுக்கமான சுருள்களும் தேவை, விலை அதிகம். மின்சாரம் இல்லாத ஊரில் மின்கலம் வேண்டும், அதற்கு மின்னேற்ற யாராவது அதைத் தூக்கிக்கொண்டு நகரத்துக்குப் போக வேண்டும். அலை கிராமத்தின் மேல் இறங்கிக்கொண்டிருந்தது. கிராமத்தில் பெட்டி இல்லை. 1947-இல் நாடு விடுதலை பெற்றபோது இந்தியாவில் இருந்த பெட்டிகள் மூன்று லட்சத்துக்கும் குறைவு. மாநகராட்சியின் ஒலிபெருக்கிகள் ஓர் ஊரின் எல்லோருக்கும் கேட்டன. சிற்றலை நாடு முழுவதும் சிலருக்குக் கேட்டது. இந்த இரண்டு வழிகளும் ஒன்று சேர்ந்திருக்க வேண்டும். ஊர்ப் பொதுப் பெட்டிகள் அந்த இணைப்பை முயன்றன. ஆனால் தேவையின் அளவுக்கு அவை ஒருபோதும் பெருகவில்லை.

போர்க்காலத்தில் சிற்றலையின் மற்றொரு குணம் வெளிப்பட்டது. அது சிறியவர்களின் கருவி. 1942 ஆகஸ்ட் இறுதியில் பம்பாயில் உஷா மேத்தாவும் நண்பர்களும் தொடங்கிய காங்கிரஸ் ரேடியோ 42.34 மீட்டரில் ஒலிபரப்பியது. கருவி சிறிது என்பதால் வீடு மாற்றி வீடு மாற்றி அதைத் தூக்கிச் செல்ல முடிந்தது. கோபுரங்கள் தேவைப்படும் நெட்டலையில் இப்படி ஒரு தலைமறைவு நிலையத்தை நினைத்தே பார்க்க முடியாது. ஆனால் ஒலிபரப்பும் அலை தன்னைத் தானே காட்டிக்கொடுக்கவும் செய்யும். திசை காட்டும் அலைவாங்கிகளைக் கொண்டு காவல்துறை தேடியது. நவம்பர் 12 அன்று நிலையம் பிடிபட்டது. அதே ஆண்டு ஜெர்மனியிலிருந்து சுபாஷ் சந்திர போஸின் குரல் சிற்றலையில் இந்தியாவுக்கு வந்தது. லண்டனிலிருந்து பிபிசி 1941 மே 3 அன்று தமிழில் ஒலிபரப்பத் தொடங்கியிருந்தது. பின்னாளில் அந்தச் சேவைக்குத் ‘தமிழோசை’ என்று பெயர் சூட்டியவர், யாழ்ப்பாணத்திலிருந்து சென்று அங்கே பணியாற்றிய சோ. சிவபாதசுந்தரம். ஒலிபரப்புக் கலையைப் பற்றித் தமிழில் தனி நூல் எழுதியவரும் அவரே.

போர் விட்டுச் சென்ற ஒரு கருவிதான் அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளுக்கு இந்தியாவின் காதுகளை ஆண்டது. இலங்கையில் ஒலிபரப்பு முன்பே வேரூன்றியிருந்தது. தந்தித் துறைப் பொறியாளர் எட்வர்ட் ஹார்ப்பர், கைப்பற்றப்பட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் கருவிப் பாகங்களைக் கொண்டு 1923-இல் சோதனை செய்தார். 1925 டிசம்பர் 16 அன்று கொழும்பு நிலையம் முறையாகத் தொடங்கியது. போரின்போது மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியப் படைத்தலைமை கண்டிக்கு வந்தது. பர்மாவிலும் மலாயாவிலும் போரிடும் வீரர்களுக்காக ரேடியோ சியாக் என்ற நிலையம் அமைந்தது. அதற்காகக் கொழும்புக்கு வடக்கே ஏக்கலையில் நிறுவப்பட்ட 100 கிலோவாட் சிற்றலைக் கருவி, போர் முடிந்த பிறகே முழுவீச்சில் வேலைக்கு வந்தது. கேட்க வேண்டிய படைகளோ வீடு திரும்பிக்கொண்டிருந்தன. 1949-இல் அது இலங்கை அரசின் கைக்கு வந்தது. ஒரு சிறு தீவின் தேவைக்குப் பல மடங்கு அதிகமான ஆற்றல் அது. சென்னையின் சிற்றலைக் கருவியைப் போல் பத்து மடங்கு.

1950 செப்டம்பர் 30 அன்று இலங்கை வானொலி தன் வர்த்தக ஒலிபரப்பைத் தொடங்கியது. இரண்டு ஆண்டுகளில் தில்லியில் பி. வி. கேஸ்கர் தகவல் ஒலிபரப்பு அமைச்சரானார். திரைப்பாடல்கள் மக்களின் இசை ரசனையைக் கெடுக்கின்றன என்று கருதிய அவர், அகில இந்திய வானொலியில் அவற்றை வெகுவாகக் குறைத்தார். கேட்பவர்கள் ஏக்கலையின் பக்கம் திரும்பினார்கள். இந்தக் கதை பலமுறை சொல்லப்பட்டதுதான். சொல்லப்படாத பாதி, அவர்களால் ஏன் திரும்ப முடிந்தது என்பது. நடுத்தரக் குடும்பங்கள் வாங்கியிருந்த வால்வுப் பெட்டிகளில் சிற்றலைப் பட்டை ஏற்கெனவே இருந்தது. கோய்டரின் திட்டம் இந்தியாவைச் சிற்றலைக்குப் பழக்கியிருந்தது. அகில இந்திய வானொலியைக் கேட்க வாங்கிய அதே பெட்டியில் குமிழைச் சற்றே திருப்பினால் கொழும்பு வந்தது. தில்லி தன் கேட்பவர்களின் கையில் தானே கொடுத்த கருவி அது.

பம்பாயில் அமீன் சயானி பதிவு செய்த ‘பினாக்கா கீத்மாலா’வின் நாடாக்கள் விமானத்தில் கொழும்புக்குப் போய், ஏக்கலையிலிருந்து புறப்பட்டு, வானத்தில் பட்டு, மீண்டும் பம்பாயில் இறங்கின. 25 மீட்டர் போன்ற சிறிய அலைகள் வானத்தில் பட்டு இறங்கும் முதல் இடம் பல நூறு கிலோமீட்டர் தள்ளியே இருக்கும். நடுவே ஒரு மௌன வளையம் விழும். வட இந்தியாவுக்கு அது வாய்ப்பானது. தமிழ்நாட்டின் தென்கோடி அந்த வளையத்துக்குள் சிக்கும் தூரத்தில் இருந்தது. ஆனால் தென்கோடிக்கு வேறொரு கொடை இருந்தது. உப்பு நீர் மின்சாரத்தை நன்கு கடத்தும். மத்திய அலை தரைமேல் சீக்கிரம் சோர்ந்துபோகும். கடல்மேல் வெகுதூரம் தெம்பாக ஓடும். பாக் நீரிணையையும் மன்னார் வளைகுடாவையும் கடந்து இலங்கையின் மத்திய அலை பகலிலேயே ராமநாதபுரத்திலும் தூத்துக்குடியிலும் உள்ளூர் நிலையத்தைப் போல ஒலித்தது இதனால்தான். மதுரையிலிருந்து தெற்கே பல வீடுகளில் இலங்கை வானொலி அறிவிப்பாளர் எஸ். பி. மயில்வாகனத்தின் குரலும், பின்னர் கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீது ஆகியோரின் குரல்களும் குடும்பத்துக் குரல்களாயின. நிலத்தின் எல்லையைக் காட்டிலும் நீரின் கடத்துதிறனே அந்த உறவை வரைந்தது. பின்னாளில் இந்தியா தூத்துக்குடியில் 1053 கிலோஹெர்ட்ஸில் 200 கிலோவாட் நிலையம் அமைத்து இலங்கைத் தமிழர்களை நோக்கி ஒலிபரப்பியபோது, அதே கடல் எதிர்த்திசையில் உதவியது.

1957 அக்டோபர் 3 அன்று தில்லி தன் பதிலைத் தந்தது. திரைப்பாடல்களுக்கென்றே தொடங்கப்பட்ட விவித் பாரதி, பம்பாயிலும் சென்னையிலும் இருந்த ஆற்றல் மிக்க சிற்றலைக் கருவிகளிலிருந்து ஒலித்தது. கொழும்பை எதிர்கொள்ள, கொழும்பின் அலைக்கே போக வேண்டியிருந்தது. அதற்குள் டிரான்சிஸ்டரும் வந்துவிட்டது. 1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பிறந்த அந்தப் படிகத் துண்டு, 1954-இல் சட்டைப்பையில் அடங்கும் முதல் வானொலியானது. பெட்டிக்கு இனி மின்சார இணைப்பு வேண்டாம். தூக்கிச் சென்று மின்னேற்ற வேண்டிய கனத்த மின்கலம் வேண்டாம். 1936-இல் போட்ட சிற்றலைக் கணக்கில் விடுபட்டிருந்த பகுதி இதுதான். வயல்வெளியிலும் தேநீர்க் கடையிலும் சிற்றலை உண்மையாகவே கேட்கத் தொடங்கியது கோய்டர் வந்து இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு.

அந்தக் காலத்தில் மாலையில் சிற்றலை கேட்டவர்களுக்கு ஓர் அனுபவம் நினைவிருக்கும். பொழுது சாய்ந்து ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். பாட்டு திடீரென்று படபடவென்று நடுங்கும், அமுங்கும், மேலெழும். பெட்டியைத் தட்டுவார்கள், ஏரியலை மாற்றிக் கட்டுவார்கள். கோளாறு பெட்டியில் இல்லை. பூமியின் காந்த நடுக்கோடு தென்னிந்தியாவின் தென்முனையை ஒட்டிச் செல்கிறது. அந்தக் கோட்டின்மேல், பகலில் சுமார் 105 கிலோமீட்டர் உயரத்தில், கிழக்கு நோக்கி ஒரு பெரும் மின்னோட்டம் ஓடுகிறது. அதே பகல்நேர மின்புலம் எஃப் அடுக்கின் எலக்ட்ரான்களை மேலே தூக்குகிறது. அவை காந்தக் கோடுகள் வழியே வடக்கும் தெற்குமாக வழிந்து, காந்த நடுக்கோட்டின் இருபுறமும் குவிகின்றன. நடுக்கோட்டின்மேல் பள்ளம், இருபுறமும் மேடு. இந்தப் பள்ளத்தையும் மேட்டையும் ஆப்பிள்டன் 1946-இல் எடுத்துக்காட்டினார். கல்கத்தாவில் சிசிர் குமார் மித்ராவின் ஆய்வுக்குழு இத்துறையில் முன்னணியில் நின்றது. 1947-இல் வெளிவந்த அவருடைய ‘தி அப்பர் அட்மாஸ்ஃபியர்’ நெடுங்காலம் உலகெங்கும் பயிலப்பட்ட நூல். சூரியன் மறைந்ததும் எஃப் அடுக்கின் அடிப்பகுதி நிலைகுலைந்து, எலக்ட்ரான் குறைந்த குமிழிகள் பல நூறு கிலோமீட்டர் உயரம்வரை எழும்புகின்றன. அவற்றின் ஊடே வரும் அலை சிதறுகிறது. மாலைப் பாட்டின் நடுக்கம் அதுதான்.

இந்த வானத்தைப் படிப்பதற்காகவே திருவனந்தபுரத்துக்கு அருகே தும்பாவைத் தேர்ந்தெடுத்தார்கள். 1963 நவம்பர் 21 அன்று அங்கிருந்து ஏவப்பட்ட ஆய்வு ராக்கெட்டைத்தான் இந்திய விண்வெளித் திட்டத்தின் தொடக்கமாகச் சொல்கிறோம். காந்த நடுக்கோடு அந்த மீனவர் ஊரை ஒட்டிப் போகாமல் இருந்திருந்தால் அங்கே ஏவுதளம் வந்திருக்காது. திருநெல்வேலிக்கு அருகே கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் இருப்பதும் இதே காரணத்தால்.

1977 ஜூலை 23 அன்று இந்தியாவின் முதல் பண்பலை ஒலிபரப்பு சென்னையில் தொடங்கியபோது, வானொலி வானத்தை விட்டு விலகத் தொடங்கியது. பண்பலையின் நீளம் ஏறத்தாழ மூன்று மீட்டர். அது அயனிமண்டலத்தைத் துளைத்துக்கொண்டு விண்வெளிக்குப் போய்விடும்; தரையில் கோபுரத்தின் பார்வைக்கு எட்டும் தூரம்தான் அதன் ஆட்சி. இரைச்சல் இல்லை, நடுக்கம் இல்லை. பண்பலையை உருவாக்கிய எட்வின் ஆம்ஸ்ட்ராங் 1930-களில் அமெரிக்காவில் எதற்காகப் போராடினாரோ அந்தத் தெளிவு கிடைத்தது. 2004-இல் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் தொடங்கிய சமூக வானொலி, அந்தக் குறுகிய எல்லையையே பலமாக்கிக்கொண்டது. சுற்றியுள்ள குடியிருப்பு மக்களே பேசினார்கள். 1930-இன் மெரினா ஒலிபெருக்கிகளுக்கு நேர்வாரிசு இதுதான் என்பேன். சிற்றலையை ஒவ்வொருவராகக் கைவிட்டார்கள். ‘தமிழோசை’யின் சிற்றலை ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30 அன்று நின்றது.

நகரத்தில் இருப்பவருக்கு இதனால் இழப்பு பெரிதில்லை. கடலில் இருப்பவரின் கணக்கு வேறு. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தபோது, பாரதி பிரசாத் தலைமையிலான அமெச்சூர் வானொலிக் குழு ஒன்று தற்செயலாக அந்தமானின் போர்ட் பிளேரில் இருந்தது. தொலைபேசி அற்றுப்போன தீவுகளிலிருந்து சிற்றலையில் அவர்கள் அனுப்பிய செய்திகள்தாம் பல குடும்பங்களுக்கு முதல் தகவல். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் கன்னியாகுமரிக் கடலைக் கடந்தபோது அப்படி ஒரு வாய்ப்பு அமையவில்லை. ஆழ்கடலில் பல நாள் தங்கி மீன் பிடிக்கும் குமரி மாவட்டப் படகுகளில் கைப்பேசியும், மிகை அதிர்வெண் கருவியும் இருந்தன. இரண்டும் பார்வைக்கோட்டில் செல்லும் அலைகளை நம்பியவை. கரையிலிருந்து சில பத்துக் கடல்மைல்களுக்கு அப்பால் பயனற்றவை. எச்சரிக்கை பலரை எட்டவே இல்லை. அந்தத் தூரத்தை எட்டும் வழி சிற்றலையில் இருந்தது. 60 மீட்டர் பட்டை வெப்பமண்டல நாடுகளின் உள்நாட்டு ஒலிபரப்புக்கு ஒதுக்கப்பட்டது. சென்னை வானொலி 4920 கிலோஹெர்ட்ஸில், அதாவது 61 மீட்டரில், நெடுங்காலம் ஒலித்தது. இரவில் அந்த அலை நூற்றுக்கணக்கான கடல்மைல் எட்டும். வாங்க ஒரு சிறிய டிரான்சிஸ்டர் போதும், மாதக் கட்டணம் இல்லை. ஒக்கிக்குப் பின் நடந்த விவாதங்களில் இந்த வழியை யாராவது உரக்கக் கேட்டிருக்க வேண்டும்.

2019-இல் வேறு வழி வந்தது. ஜெமினி என்ற சிறு கருவி, ககன் செயற்கைக்கோள் அமைப்பின் வழியே வானிலை எச்சரிக்கைகளைப் படகுக்குத் தருகிறது. ஒருவழிச் செய்திதான், படகிலிருந்து பதில் அனுப்ப முடியாது. ஆகவே அதுவும் ஒலிபரப்பின் உறவே. ககன் அமைப்பை உருவாக்கியபோது பிற நாடுகளில் பயன்பட்ட அயனிமண்டலக் கணக்கீடுகள் இங்கே சரிவரவில்லை. இந்தியாவுக்கென்று தனி மாதிரி உருவாக்க வேண்டியிருந்தது. காரணம், நடுக்கோட்டின் பள்ளமும் இருபுற மேடும். ஏறத்தாழ இருபது சென்டிமீட்டர் நீளமுள்ள அந்தச் செயற்கைக்கோள் அலைகளும் குமரிக் கடலுக்கு வர அதே எஃப் அடுக்கைக் கடந்தாக வேண்டும். பொழுது சாய்ந்த பின் எழும் குமிழிகள் அவற்றையும் நடுங்கச் செய்கின்றன. கிருஷ்ணாபுரத்தில் இன்றும் அளந்துகொண்டிருக்கிறார்கள்.